கப்பல் வருகிறது, ரயில் வருவதில்லை

கன்னியாகுமரிக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் தினசரி ரயிலுக்கு நாகர்கோவிலிலும் கோவையிலும் சேலத்திலும் பழைய பயணிகள் சொல்லும் பெயர் ‘ஐலண்ட் எக்ஸ்பிரஸ்’. தமிழ்நாட்டில் கிளம்பி, கேரளத்துக்குள் புகுந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வந்து, கர்நாடகத்தில் முடிகிற ரயில் அது. 1988 ஜூலை 8 அன்று கொல்லத்துக்கு அருகே பெருமண் பாலத்திலிருந்து அதன் பெட்டிகள் அஷ்டமுடிக் காயலுக்குள் விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்தபோது அந்தப் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது. விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்தில் மன்றோ தீவு இருக்கிறது. ஆனால் ரயிலுக்குப் பெயர் கொடுத்த தீவு அதுவல்ல.

பெயர் கொடுத்தது கொச்சியின் வில்லிங்டன் தீவு. எர்ணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவே, காயலில் மிதப்பது போலத் தெரியும் துறைமுகத் தீவு. அங்கே கப்பல் துறைக்குப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையம்: கொச்சி ஹார்பர் டெர்மினஸ். பெங்களூரிலிருந்து வந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஒரு காலத்தில் கடைசியாக மூச்சு விட்டு நின்றது இங்கேதான். இன்று அந்த ரயில் தீவுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வழக்கமான பயணி ரயில் வேறு எதுவும் வருவதில்லை. நிலையம் இருக்கிறது, நடைமேடை இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது. ரயில் மட்டும் இல்லை.

பரபரப்பான ஒரு துறைமுக நகரில் இது எப்படி நடந்தது என்பது, ரயில்வேயின் வரலாற்றோடு அந்த ஊரின் வரலாறும் சேர்ந்த கதை.

நெற்றிப்பட்டம் விற்று வந்த ரயில்

மதராஸ் ரயில்வே தன் பாதையை மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுபோனபோது கொச்சியை நாடவில்லை. கேரளத்தின் முதல் ரயில் 1861இல் திரூருக்கும் பேப்பூருக்கும் இடையே ஓடியது. அடுத்த ஆண்டு பாதை மதராஸ் வரை சேர்ந்துவிட்டது. பாலக்காடு, ஷொர்ணூர் வழியாக ரயில் கோழிக்கோட்டுப் பக்கம் போய்விட, அராபியரும் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரர்களும் மிளகு வாங்க வந்த கொச்சி, ரயில் வரைபடத்தில் இல்லாமலேயே நாற்பது ஆண்டுகளைக் கழித்தது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் கொச்சி மகாராஜா ராம வர்மா. ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ஒரு கிளைப் பாதை போட அவர் விரும்பினார். சமஸ்தானக் கஜானா இடம் கொடுக்கவில்லை. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலின் யானைகளுக்குக் கட்டும் தங்க நெற்றிப்பட்டங்களை விற்று அவர் பணம் திரட்டினார் என்பதைக் கொச்சிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1902 ஜூலையில் பயணி ரயில் ஓடத் தொடங்கியது. அது மீட்டர் கேஜ். மதராஸிலிருந்து அகலப்பாதையில் வருகிற சரக்கை ஷொர்ணூரில் இறக்கி, வேறு பெட்டியில் ஏற்ற வேண்டும். அந்தத் தலைவலி பின்னால் பெரிதாயிற்று.

அந்தப் பாதையின் கடைசி நிலையம் இன்றைய கேரள உயர் நீதிமன்றத்தின் பின்புறம் இருந்தது. எர்ணாகுளம் டெர்மினஸ் என்று பெயர். 1925இல் வைக்கம் சத்தியாக்கிரகத்துக்குப் போகும் வழியில் காந்தி வந்து இறங்கியது இங்கேதான். அதற்கு முந்தைய ஆண்டு பெரியாரைச் சிறைக்கு அனுப்பிய அதே வைக்கம். பின்னர் எர்ணாகுளத்தில் தெற்கே புதிய நிலையம் வந்தது. பழையது சரக்கு நிலையமாகிப் பிறகு அந்த வேலையையும் இழந்தது. இப்போது பக்கத்தில் இருக்கும் மங்களவனம் பறவைகள் சரணாலயத்தின் பசுமை, நிலையத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுவிட்டது. தண்டவாளத்தைச் செடி விலக்கித்தான் பார்க்க வேண்டும்.

கொச்சியில் கைவிடப்பட்ட டெர்மினஸ்களில் அது முதலாவது.

சேற்றில் எழுந்த தீவு

இரண்டாவது டெர்மினஸின் கதை ஒரு மணல்திட்டில் தொடங்குகிறது. கொச்சியின் உட்புறக் காயல் ஆழமானது, அமைதியானது. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறியைத் தூர்த்துவிட்டுக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. திறந்த வாசலுக்குக் குறுக்கே கெட்டிப்பட்ட மணல் படுகை கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும்; சரக்கைத் தோணிகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். பருவமழைக் காலத்தில் அதுவும் நின்றுவிடும்.

இதை மாற்ற 1920இல் வந்து சேர்ந்தார் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயத் துறைமுகப் பொறியாளர். அப்போது மதராஸ் கவர்னராக இருந்தவர் வில்லிங்டன் பிரபு. திட்டம் எளிதாகத் தோன்றியது: படுகையை வெட்டிக் கப்பல் வழி அமைப்பது. வெட்டினால் கடல் கரையை அரிக்குமோ, வெட்டிய இடம் மறுபடி தூர்ந்துவிடுமோ என்ற சந்தேகங்கள் இருந்தன. அவற்றைத் தீர்க்கவே ஆண்டுகள் ஆயின. அரசியல் சிக்கல் அதைவிடப் பெரிது. கொச்சிக் கோட்டை பிரிட்டிஷாருடையது, எர்ணாகுளமும் மட்டாஞ்சேரியும் கொச்சி ராஜாவுடையவை, தெற்கே திருவிதாங்கூர். சுங்க வருமானத்தை யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தபிறகுதான் தூர்வாரும் கப்பல் வேலையைத் தொடங்க முடிந்தது. 1926இல் வந்த அந்தக் கப்பலுக்கும் ‘லார்ட் வில்லிங்டன்’ என்றே பெயர்.

வாரிய சேற்றையும் மணலையும் பிரிஸ்டோ வீணாக்கவில்லை. காயலில் ஏற்கெனவே இருந்த வெண்டுருத்தி என்ற சிறு தீவை ஒட்டிக் கொட்டினார். எழுநூறு ஏக்கருக்கு மேல் புது நிலம் எழுந்தது. துருத்தி என்றால் நீர் சூழ்ந்த நிலம். தமிழிலும் பழைய சொல்தான். மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக்கு அந்தக் காலத்தில் திருத்துருத்தி என்று பெயர். இந்தத் துருத்திக்கோ கவர்னரின் பெயர் ஒட்டிக்கொண்டது.

1928 மே மாதம் ‘பத்மா’ என்ற நீராவிக் கப்பல் புதிய வழியாக உள்துறைமுகத்துக்குள் வந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பிரிஸ்டோ 1941இல் விடைபெற்றார். இருபது ஆண்டு உழைப்பைப் பிற்பாடு ‘கொச்சின் சாகா’ என்ற புத்தகமாக எழுதினார்.

கப்பல் நேரே துறைக்கு வந்துவிட்டால் சரக்கு நேரே ரயிலுக்குப் போக வேண்டும். ஷொர்ணூரில் இறக்கி ஏற்றும் தலைவலியை வைத்துக்கொண்டு பெருந்துறைமுகம் நடத்த முடியாது. 1930களில் எர்ணாகுளம் பாதை அகலப்பாதையாக்கப்பட்டது. காயலுக்குக் குறுக்கே வெண்டுருத்திப் பாலம் போட்டுப் பாதையைத் தீவுக்குள் கொண்டுவந்தார்கள். தீவுக்கு அப்பால் மட்டாஞ்சேரிக்கு இன்னொரு பாலம் போட்டார்கள். படகுகள் போகும்போது நடுப்பகுதியைத் தூக்கிக்கொள்ளும்படியாக. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940களின் தொடக்கத்தில், கப்பல் துறைக்கு நடந்துபோகும் தூரத்தில், ஹார்பர் டெர்மினஸ் வேலை செய்யத் தொடங்கியது.

தேயிலை மணத்த நாட்கள்

அடுத்த முப்பது ஆண்டுகள்தான் அதன் பொற்காலம். துறைமுகம், ரயில் நிலையம், விமான ஓடுதளம், மலபார் ஹோட்டல், கடற்படைத் தளம் எல்லாம் ஒரே தீவில் சில நிமிடத் தூரத்தில். கேரளத்துக்கு எந்த வழியாக வந்தாலும் முதலில் கால் வைக்கிற இடம் வில்லிங்டன் தீவாக இருந்தது. மதராஸ் ரயிலும் பெங்களூர் ஐலண்ட் எக்ஸ்பிரஸும் இங்கே முடிந்தன, இங்கிருந்தே புறப்பட்டன.

திருச்சிக்கு ஓடிய ரயிலுக்கு ‘டீ கார்டன் எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். காரணம் தேடிப் போக வேண்டாம். வில்லிங்டன் தீவில் 1947இல் தேயிலை ஏலம் தொடங்கியது. நீலகிரி, ஆனைமலை, மூணாறு தோட்டங்களின் தேயிலைக்கு இந்தத் தீவின் கிடங்குகள் முக்கியமான சந்தையாயின. மூணாறுக்காரர்களுக்கு இது ஒரு திருப்பம். முன்பு அவர்களது தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு குரங்கணிப் பக்கம் இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனது. மூணாறில் ஓடிக்கொண்டிருந்த குட்டி ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதன்பிறகு மலைச் சாலைகளும் கொச்சித் துறைமுகமும் சேர்ந்து தேயிலையை மேற்கே திருப்பிவிட்டன.

கொங்கு நாட்டுக்கும் இந்தத் துறை முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் வழி விட்டிருப்பதால், கோவைக்கு மதராஸ் துறைமுகத்தைவிடக் கொச்சி எவ்வளவோ பக்கம். கோவை ஆலைகளுக்கு இந்தக் கணவாய்ப் பாதைதான் கடலுக்குக் குறுக்கு வழி.

திருச்சி ரயில் பின்னாளில் காரைக்கால் வரை நீண்டது. எர்ணாகுளத்துக்கும் காரைக்காலுக்கும் இடையே இன்றும் ஓடுகிறது. அரபிக் கடலோரத்தில் ஏறி வங்கக் கடலோரத்தில் இறங்கலாம். ஆனால் அதுவும் தீவுக்குப் போவதில்லை.

நீண்ட பாதை, சுருங்கிய நிலையம்

டெர்மினஸுக்கு மதிப்பு பாதை அங்கே முடிகிறவரைதான். பாதை வேறு பக்கம் நீண்டுவிட்டால், நேற்றுவரை கடைசி நிலையமாக இருந்தது, வழியிலிருந்து விலகிய முட்டுச்சந்தாகிவிடும். கொச்சியில் அதுதான் நடந்தது.

1956இல் எர்ணாகுளத்திலிருந்து கோட்டயத்துக்கும், 1958இல் அங்கிருந்து கொல்லத்துக்கும் மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. அகலப்பாதை எர்ணாகுளத்தோடு நின்றதால் வடக்கேயிருந்து வந்த ரயில்கள் இன்னும் தீவில்தான் முடிந்தன. 1976இல் திருவனந்தபுரம் வரை அகலப்பாதை வந்தது. ஐலண்ட் எக்ஸ்பிரஸ் தெற்கே நீட்டப்பட்டது. 1979இல் கன்னியாகுமரிப் பாதை திறந்ததும் நாட்டின் கடைசி முனைக்கே வழி கிடைத்தது. தீவு கைவிடப்பட்டது, பெயர் மட்டும் ரயிலோடு போய்விட்டது. 1989இல் ஆலப்புழைக்கும் 1992இல் காயங்குளத்துக்கும் கடலோரப் பாதை திறந்தபோது, எர்ணாகுளம் ஜங்ஷனே நாலு திசைக்கும் நடுவாயிற்று. தெற்கே போக வேண்டிய ரயில் தீவுக்குள் போனால் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி, வந்த பாலத்திலேயே திரும்ப வேண்டும். எந்த அதிகாரியும் அதற்கு நேரம் ஒதுக்கமாட்டார்.

தீவில் முடிகிற ரயில்கள் சில மிச்சம் இருந்தன. அவையும் ஒவ்வொன்றாக ஜங்ஷனோடு நின்றுவிட்டன. 2000களின் முதற்பாதியில் பழைய வெண்டுருத்தி ரயில் பாலம் பலவீனமடைந்தபோது பயணி ரயில் முற்றிலும் நின்றது. பிறகு பக்கத்திலேயே புதிய பாலம் கட்டப்பட்டது. பாலம் வந்தது, பயணிகள் வண்டி வரவில்லை.

ரயில் மட்டும்தான் தீவை விட்டுப் போனது என்று சொல்ல முடியாது. 1999இல் நெடும்பாசேரியில் புதிய விமான நிலையம் திறந்ததும் பயணி விமானங்கள் போயின. 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் முனையம் திறந்ததும் கண்டெய்னர்கள் போயின. அதற்கென இடப்பள்ளியிலிருந்து காயலுக்கு மேலே நாலரை கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் ஒரு ரயில் பாலமும் போட்டார்கள். வந்தவர்களை வரவேற்பதற்காகவே உண்டாக்கிய தீவிலிருந்து ஐம்பது ஆண்டுகளில் எல்லோரும் வெளியேறினார்கள்.

எல்லோரும் என்பது சரியல்ல. இன்னும் சிலர் வருகிறார்கள்.

யாருக்கு வேண்டும் இந்த நிலையம்?

லட்சத்தீவுக்காரர்கள் வருகிறார்கள். சுமார் 65 ஆயிரம் பேர் வசிக்கும் அந்தத் தீவுகளுக்குப் பெரிய ஊர் என்றால் கொச்சிதான். மேல்சிகிச்சைக்கும் கல்லூரிப் படிப்புக்கும் வீட்டுச் சாமானுக்கும் இங்கேதான் வர வேண்டும். போகும் தீவைப் பொறுத்துப் பதினான்கு மணி நேரமோ அதற்கு மேலோ கடலில் ஆடி அசைந்து வரும் கப்பல், வில்லிங்டன் தீவில் வந்து கட்டுகிறது. நோயாளியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டும், தலையில் பெட்டியோடும், கையில் குழந்தையோடும் இறங்குகிறார்கள். கோழிக்கோட்டுக்கோ திருவனந்தபுரத்துக்கோ வேலூருக்கோ போக வேண்டியவர் அடுத்து ஆட்டோ பிடிக்கிறார். பாலம் தாண்டி, நெரிசலில் நின்று, எர்ணாகுளம் ஜங்ஷனை அடைந்த பிறகுதான் அவருக்கு ரயில். இப்படி இறங்குகிறவர்களுக்காகவே கட்டப்பட்ட நிலையம், இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே பூட்டிக் கிடக்கிறது.

உல்லாசக் கப்பல்களில் வெளிநாட்டவர் வருகிறார்கள். அவர்களுக்காக 2021இல் புதிய முனையக் கட்டடம் திறக்கப்பட்டது. அவர்களுக்குக் குளிர்சாதனப் பேருந்து காத்திருக்கும்; ரயில் இல்லாதது தெரியாது.

தமிழர்களும் இருக்கிறார்கள். தண்டவாளத்தையொட்டிய வாத்துருத்தியில், நெருக்கியடித்த வீடுகளில், தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் தலைமுறை கண்டுவிட்டார்கள். துறைமுகச் சுமையும் கட்டட வேலையும் இழுத்து வந்த கூட்டம் அது. பின்னால் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பக்கத்து அறைகளை எடுத்துக்கொண்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் போக, வீட்டு வாசலில் கிடக்கும் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டு போய், ஜங்ஷனில் வரிசையில் நிற்கிறார்கள்.

இவர்களைவிட நிலையம் தேவைப்படுவது எர்ணாகுளம் நகரத்துக்குத்தான். ஷொர்ணூரிலிருந்து வந்து கோட்டயம் வழியாகத் தெற்கே போகும் ரயில், டவுன் நிலையத்திலிருந்து நேரே போய்விடலாம். ஜங்ஷனைத் தொட்டுவிட்டுப் போவதென்றால் எஞ்சின் திசை மாற வேண்டும். ஜங்ஷனில் இருப்பதோ ஆறு நடைமேடைகள். முடிகிற ரயில், புறப்படுகிற ரயில், திரும்புகிற ரயில் எல்லாம் அவற்றுக்காகக் காத்து நிற்கின்றன. அலுவலகம் போகிறவர்கள் நம்பியிருந்த வேணாடு எக்ஸ்பிரஸை 2024 மே முதல் ஜங்ஷனுக்கு வராமல் டவுன் வழியாகவே அனுப்பத் தொடங்கினார்கள். நேரம் மிச்சமானது ரயிலுக்கு. ஜங்ஷனில் இறங்கி நடந்தே அலுவலகம் போனவர்களுக்கு மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் செலவு கூடியது. இடம் போதவில்லை என்று திணறும் அதே நகரத்தில், எட்டு கிலோமீட்டருக்குள் ஒரு டெர்மினஸ் சும்மா கிடக்கிறது.

ஒரு தடவை முயற்சி நடந்தது. 2018இல் ஹார்பர் டெர்மினஸுக்கும் எர்ணாகுளம் ஜங்ஷனுக்கும் இடையே டீசல் மல்டிபிள் யூனிட் வண்டி ஒன்றை விட்டார்கள். ஏற ஆளில்லை என்று சில நாட்களிலேயே நிறுத்திவிட்டார்கள். இதில் ஆச்சரியம் இல்லை. நிமிடத்துக்கொரு பஸ் போகிற எட்டு கிலோமீட்டருக்கு, நாளைக்குச் சில தடவை வரும் ரயிலுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். அந்த நிலையம் டவுன் பஸ் வேலைக்காகக் கட்டப்பட்டதல்ல. அங்கிருந்து ஏறினால் சென்னையிலோ பெங்களூரிலோ திருச்சியிலோ இறங்கலாம் என்று இருந்தபோதுதான் கூட்டம் வந்தது. எர்ணாகுளத்தில் முடியும் வெளியூர் ரயில்களில் நாலைந்தைத் தீவு வரை நீட்டினால், ஜங்ஷனில் நடைமேடை காலியாகும். கப்பலில் வருகிறவர்களுக்கு ரயில் கிடைக்கும். தண்ணீர் ஊற்றாமலேயே செடி பட்டுவிட்டது என்று அறிவித்த மாதிரிதான் 2018 சோதனை.

எதிர்வாதமும் இல்லாமல் இல்லை. பாதை ஒற்றை வழி. வாத்துருத்தியில் ரயில்வே கேட் மூடினால் தீவுச் சாலை அடைபடும். கடற்படைத் தளம் பக்கத்தில் இருக்கிறது. நடைமேடை, சிக்னல், பெட்டி பராமரிப்பு எல்லாவற்றுக்கும் செலவு வேண்டும். ஆனால் புதிய டெர்மினஸுக்கு நகருக்குள் நிலம் வாங்குகிற செலவோடு ஒப்பிட்டால் இது பெரிதல்ல. நிலம் ஏற்கெனவே இருக்கிறது. பிரிஸ்டோ காயலிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

படகு அறியும் பெயர்

இன்று தீவைப் பார்க்க விரும்புகிறவர் எர்ணாகுளம் படகுத் துறைக்குப் போவது நல்லது. மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள் சில ரூபாய்க் கட்டணத்தில் காயலைக் கடக்கின்றன. 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ, குளிர்சாதன மின்படகு. இடது பக்கம் கப்பல்கள், வலது பக்கம் வல்லார்பாடத்தின் ராட்சத கிரேன்கள், எதிரே கொச்சிக் கோட்டையின் சீன வலைகள். இத்தனைக்கும் நடுவே பச்சை மரங்களும் ஓட்டுக் கூரைகளுமாகத் தீவு. மரநிழல் விழும் அகலமான சாலைகளில் கூட்டமில்லை. துறைமுக அலுவலகமும் பழைய கிடங்குகளும் மலபார் ஹோட்டலும் பிரிஸ்டோ காலத்து ஒழுங்கை இன்னும் காட்டுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்கி, ஒரு மதியப் பொழுது ஒதுக்கினால் போதும்.

மட்டாஞ்சேரிப் பக்கத்துப் படகுகள் தீவில் நிற்கும் ஒரு துறைக்குப் பெயர் ‘டெர்மினஸ்’. ரயில் நிலையத்தை வைத்து அந்தக் காலத்தில் வந்த பெயர். ரயில் பார்த்தே இராத பிள்ளைகளும் அங்கே இறங்க அந்தப் பெயரைச் சொல்லித்தான் சீட்டு வாங்குகிறார்கள். ஐலண்ட் எக்ஸ்பிரஸ் தீவின் பெயரைக் கன்னியாகுமரி வரை கொண்டுபோய்விட்டது. படகுத் துறை நிலையத்தின் பெயரை விடாமல் வைத்திருக்கிறது. மங்களவனத்துக்குப் பக்கத்தில் செடி மூடிய முதல் டெர்மினஸை யாரும் திரும்பக் கொண்டுவர முடியாது. இரண்டாவது இன்னும் அந்த நிலைக்குப் போய்விடவில்லை. பாலம் இருக்கிறது, பாதை இருக்கிறது, இறங்கிக் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். எட்டு கிலோமீட்டர் ரயிலை நீட்டுவதா, விடுவதா என்ற முடிவுதான் பாக்கி.